கல்முனை: எல்லைத் தகராறுக்குள் மறந்துபோன சோலைவரிக் கணக்கு

ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதத்தின் இறுதி வாரம் நெருங்கும்போது இலங்கையின் மாநகர சபைகளும் நகர சபைகளும் ஒரே அறிவித்தலை விடுப்பது வழக்கம். முழு ஆண்டுக்குமான சோலைவரியை ஜனவரி 31ஆம் திகதிக்கு முன்னர் செலுத்துவோருக்குப் பத்து வீதக் கழிவு வழங்கப்படும். காலாண்டுக்குரிய தொகையை அக்காலாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்துவோருக்கு ஐந்து வீதக் கழிவு கிடைக்கும் என்பதே அதன் சாரம். அவ்வறிவித்தலைக் கேட்டதும் சபையின் கருமபீடத்துக்குச் செல்பவர்கள் ஒரு சிலரே. ஏனையோர் தத்தம் அலுவல்களில் மூழ்கிவிடுகின்றனர். அடுத்த மழைக்கு வடிகான் நிரம்பி வீட்டு முற்றத்துக்குள் நீர் புகும்போதுதான் மாநகர சபை என்றொரு நிறுவனம் இருப்பது பலருக்கு நினைவுக்கு வருகிறது.

கல்முனையைப் பொறுத்தவரை இந்நிலை இன்னும் சிக்கலானது. பெரியநீலாவணை தொடக்கம் சாய்ந்தமருது வரை கரையோரமாக நீண்டு கிடக்கும் இம்மாநகரில் சுமார் ஒரு இலட்சம் மக்கள் நெருக்கமாக வாழ்கின்றனர். மருதமுனை, நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி முகமும் தனித்தனி வரலாறும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசி, ஒரே சந்தையில் பொருள் வாங்கி, ஒரே வீதியில் பயணிக்கும் ஊர்கள் இவை. ஆயினும் கடந்த பல வருடங்களாக இம்மாநகரைப் பற்றிய பேச்சு எல்லைகளைப் பற்றிய பேச்சாகவே இருந்து வந்திருக்கிறது. எங்கே பிரிப்பது, யாருக்கு எது என்பன பற்றி ஏராளமாகப் பேசப்பட்டாயிற்று. பிரிந்தாலும் சேர்ந்திருந்தாலும் அன்றாட நகர சேவைகளுக்கான பணம் எங்கிருந்து வரும், அது எவ்வாறு செலவாகும் என்ற கேள்வி மாத்திரம் பேசப்படாமலேயே கிடக்கிறது.

எல்லைத் தகராறின் பின்னணி

1980களுக்கு முன்னர் இப்பிரதேசத்தில் கல்முனைப் பட்டின சபையும், கரவாகு வடக்கு, கரவாகு தெற்கு, கரவாகு மேற்கு ஆகிய கிராம சபைகளும் தனித்தனியே இயங்கி வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அவை அனைத்தும் ஒரே பிரதேச சபைக்குள் அடங்கின. பின்னர் 2001ஆம் ஆண்டில் அது மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்டது. தரம் உயர்ந்தபோது மக்களின் எதிர்பார்ப்பும் உயர்ந்தது. ஆனால் நான்கு சபைகளாக இருந்த காலத்து ஊர் உணர்வு அழிந்துவிடவில்லை.

சாய்ந்தமருதுக்குத் தனியான உள்ளூராட்சி சபை வேண்டும் என்ற கோரிக்கை 2017ஆம் ஆண்டின் இறுதியில் கடையடைப்பும் வீதிப் போராட்டமுமாக வெடித்தது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில், பள்ளிவாசலின் ஆதரவுடன் களமிறங்கிய சுயேச்சைக் குழுவுக்குச் சாய்ந்தமருது மக்கள் பெருவெற்றியைக் கொடுத்தனர். 2020 பெப்ரவரி நடுப்பகுதியில் தனி நகர சபைக்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. சில நாட்களுக்குள்ளேயே அது இடைநிறுத்தப்பட்டது. மறுபுறத்தில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழ் மக்கள் 2019 ஜூன் மாதத்தில் உண்ணாவிரதப் போராட்டம் நடத்தினர். பிரதேச செயலகம் மத்திய நிருவாகத்தைச் சேர்ந்தது, மாநகர சபை உள்ளூராட்சியைச் சேர்ந்தது என்ற வேறுபாடு இருந்தபோதிலும், மக்களின் மனதில் இரண்டும் ஒரே தகராறாகவே பதிந்துவிட்டன.

இதன் விளைவு என்ன? நாட்டின் ஏனைய உள்ளூராட்சி சபைகளைப் போலவே கல்முனை மாநகர சபையின் பதவிக்காலமும் 2023 மார்ச் மாதத்தில் முடிவடைந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல் நிதியில்லை என்ற காரணம் கூறப்பட்டுப் பிற்போடப்பட்டது. அவ்வாறு பிற்போட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஓகஸ்ட் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆம் திகதி நாடு முழுவதும் வாக்களிப்பு நடைபெற்றபோது, சாய்ந்தமருது விவகாரம் தொடர்பான வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு அன்று வாக்களிப்பு நடைபெறவில்லை. அயலூர்களான காரைதீவும் நிந்தவூரும் சம்மாந்துறையும் தமது பிரதிநிதிகளைத் தெரிவு செய்துகொண்டிருக்க, கல்முனை மக்கள் வேடிக்கை பார்க்க நேர்ந்தது.

எல்லைத் தகராறின் முதலாவது விலையை மக்கள் தமது வாக்குரிமையால் செலுத்தினர் என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டாவது விலை நகர சேவைகளின் மீது விழுந்துகொண்டிருக்கிறது.

சோலைவரி என்பது என்ன?

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நகர எல்லைக்குள் உள்ள வீடு, கடை, காணி ஆகியவற்றின் ஆண்டுப் பெறுமதியில் குறிப்பிட்ட வீதத்தை வரியாக அறவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆண்டுப் பெறுமதி என்பது அக்கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்தில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகையை அடிப்படையாகக் கொண்டது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் போன்ற வழிபாட்டிடங்களுக்கு விலக்கு உண்டு.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 30,000 ரூபா எனவும், வரி எட்டு வீதம் எனவும் வைத்துக்கொண்டால் வருடத்துக்குரிய சோலைவரி 2,400 ரூபாவாகும். ஜனவரிக்குள் செலுத்தினால் 240 ரூபா கழிந்து 2,160 ரூபா. நாளொன்றுக்கு ஆறு ரூபாவுக்கும் குறைவு. இது விளக்கத்துக்காகக் கூறப்பட்ட கற்பனைக் கணக்கே. எனினும் சாதாரண வீடொன்றின் சோலைவரி மின்சாரக் கட்டணத்தோடும் தொலைபேசிக் கட்டணத்தோடும் ஒப்பிடுகையில் எத்தனை சிறியது என்பதை உணர்ந்துகொள்ள இது போதுமானது.

இச்சிறிய தொகைக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. கடையில் சவர்க்காரம் வாங்கும்போதும் மீள்நிரப்பு அட்டை வாங்கும்போதும் நாம் வரி செலுத்துகிறோம். 2022 மே மாதம் வரை எட்டு வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் பதினெட்டு வீதமாயிற்று. அவ்வரி கொழும்பில் உள்ள திறைசேரிக்குச் செல்கிறது. அதிலிருந்து எமது ஊருக்கு எவ்வளவு திரும்பி வரும் என்பதை எமது ஊர் தீர்மானிப்பதில்லை. சோலைவரியோ அறவிடப்படும் ஊரிலேயே தங்கி, அந்த ஊரிலேயே செலவாக வேண்டிய வரி. ஒரு சபை யாரிடமும் கைநீட்டாமல் தானே திட்டமிட்டுச் செலவிடக்கூடிய நிரந்தர வருமானங்களுள் முதன்மையானது இதுவே.

மற்றைய வருமானங்களின் நிலை அப்படியல்ல. காணி உறுதிகள் எழுதப்படும்போது செலுத்தப்படும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை ஊடாகவே உள்ளூராட்சி சபைகளுக்கு வந்து சேர வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிவடைந்த பின்னர், அந்தப் பணம் தாமதமானாலும் குறைந்தாலும் மாகாண சபையில் எழுந்து கேட்பதற்கு உறுப்பினர்கள் இல்லாத காலம் நீண்டுவிட்டது. நிரந்தர ஊழியர்களின் சம்பளத்துக்கு அரசாங்கத்தின் மீளளிப்பு கிடைக்கின்ற போதிலும், குப்பை வண்டியின் டீசலுக்கும் தெருவிளக்கின் மின்குமிழுக்கும் தற்காலிகத் தொழிலாளியின் நாட்கூலிக்கும் சபை தன் சொந்தப் பணத்தையே எதிர்பார்த்திருக்க வேண்டியுள்ளது.

குப்பை வண்டிக்கு டீசல் வேண்டும்

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் மாத இறுதியில் அதே டீசல் 460 ரூபா. பின்னர் விலை குறைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. டயர், உதிரிப்பாகம், சீமெந்து, மின்குமிழ் என அனைத்தின் விலையும் அந்நெருக்கடிக் காலத்தில் பன்மடங்காயின. ஆனால் பழைய மதிப்பீட்டில் நிர்ணயிக்கப்பட்ட சோலைவரி மாத்திரம் அதே ரூபாவிலேயே நிற்கிறது. செலவு ஏறுகிறது, வரவு அசையவில்லை என்றால் இடைவெளியை நிரப்புவதற்கு ஒரே வழி சேவையைக் குறைப்பதுதான். மூன்று நாளுக்கு ஒரு முறை வந்த உழவு இயந்திரம் வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. அதுவும் தவறும் வாரத்தில் குப்பை வடிகானுக்குள்ளும் தோணாவுக்குள்ளும் கடற்கரையிலும் போய்ச் சேர்கிறது.

அந்தக் குப்பையைக் கொட்டுவதற்கு நிலமில்லாத மாநகரம் கல்முனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், இடையில் வீடுகள். ஆகையால் கல்முனை உள்ளிட்ட கரையோர ஊர்களின் குப்பை அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் உள்ள பள்ளக்காட்டுக்கே கொண்டு செல்லப்பட்டு வந்திருக்கிறது. அங்கே பொலித்தீன் பைகளை உண்ட யானைகள் எட்டு வருடங்களில் ஏறத்தாழ இருபது இறந்துவிட்டதாக 2022 ஜனவரியில் வெளியான செய்தியும் படங்களும் உலகம் முழுவதும் பரவின. எமது சமையலறையிலிருந்து வெளியேறும் பையொன்று எவ்வளவு தூரம் செல்கிறது, அப்பயணத்துக்கு யார் பணம் செலுத்துகிறார்கள் என்று அன்று எத்தனை பேர் சிந்தித்தோம் என்பது கேள்விக்குறியே.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமி இக்கரையோரத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காவுகொண்ட பின்னர் வெளிநாட்டு உதவிகள் வந்து குவிந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் அம்பாறை மாவட்டத்தில் திண்மக் கழிவு முகாமைத்துவ வேலைத்திட்டமும் முன்னெடுக்கப்பட்டது. உதவி வழங்குவோர் வண்டியைத் தருவார்கள், கட்டடத்தைக் கட்டித் தருவார்கள். ஆனால் அவ்வண்டிக்கு இருபது வருடங்களுக்கு டீசல் ஊற்றித் தரமாட்டார்கள். இயந்திரம் நன்கொடையாகக் கிடைக்கலாம். அதனை இயக்கும் செலவு ஊர் மக்களின் வரியிலிருந்தே வர வேண்டும். இப்பாடத்தைக் கற்றுக்கொள்ள நாம் தவறிவிட்டோம்.

மக்கள் ஏன் செலுத்துவதில்லை?

மக்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் கூறிவிடுவது எளிது. ஆனால் அது உண்மைக்கு வெகு தொலைவிலுள்ளது. இதே மக்கள்தான் பள்ளிவாசலின் மாதாந்தச் சந்தாவைத் தவறாமல் செலுத்துகின்றனர். கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் பணம் சேர்த்துக் கொடுக்கின்றனர். ஓர் ஏழையின் சத்திரசிகிச்சைக்கு ஒரு வெள்ளிக்கிழமையில் இலட்சக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பணம் கொடுக்க மறுக்கும் சமூகம் அல்ல இது.

வேறுபாடு கணக்கில் இருக்கிறது. பள்ளிவாசலில் வரவு செலவு ஜும்ஆவுக்குப் பின்னர் வாசிக்கப்படுகிறது, அல்லது அறிவித்தற் பலகையில் ஒட்டப்படுகிறது. கோயில் திருவிழா முடிந்ததும் பூஜைக்கு எவ்வளவு, அன்னதானத்துக்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டப்படுகிறது. கேள்வி கேட்பவர் நிருவாகிகளை நேரில் கேட்கலாம். மாநகர சபைக்குச் செலுத்திய 2,000 ரூபா என்ன ஆயிற்று என்பதைச் செலுத்தியவர் அறிய வழியில்லை. போதாக்குறைக்கு, மாநகர சபையின் வரிப்பணம் கையாடப்பட்டது பற்றி 2022ஆம் ஆண்டில் எழுந்த விவகாரம் பொலிஸ் விசாரணை வரையும் நீதிமன்றம் வரையும் சென்றது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் பற்றுச்சீட்டோடு செலுத்திய பணத்துக்கே உத்தரவாதமில்லையோ என்ற ஐயம் மக்கள் மனதில் விழுந்துவிட்டது. அதனைத் தீர்ப்பு மாத்திரம் போக்கிவிடாது.

மற்றொரு காரணம் இக்கரையோரத்துக்கே உரியது. இங்கே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்து வைப்பது நெடுநாள் வழக்கம். தகப்பனாரின் ஒரு வளவு மூன்று மகள்மாருக்குப் பிரிந்து மூன்று வீடுகளாகிவிடும். ஆனால் வரிப் பதிவேட்டில் இன்னும் ஒரே இலக்கம், அதுவும் காலஞ்சென்ற பாட்டனாரின் பெயரில் இருக்கக்கூடும். வரிப் பத்திரம் யாருடைய வாசலுக்கு வருவது, மூவரில் யார் செலுத்துவது? மேலும் சுனாமிக்குப் பின்னர் மருதமுனை மேட்டுவட்டையிலும் சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமத்திலும் எழுந்தவை போன்ற வீட்டுத்திட்டங்கள் ஊரின் அமைப்பையே மாற்றிவிட்டன. பதிவேடு ஊரோடு சேர்ந்து வளரவில்லை. ஆகவே இருப்பவர்களுள் சிலரிடமே வரி கேட்கப்படுகிறது. கேட்கப்பட்டவர்களுள் சிலரே செலுத்துகின்றனர். ஒழுங்காகச் செலுத்துபவர் தம்மை ஏமாளியாக எண்ணத் தொடங்கினால் அவ்வரி நிலைக்காது.

வெளியூர்கள் சொல்லும் பாடம்

மின்சாரக் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும். ஆகவே எப்பாடுபட்டேனும் செலுத்துகிறோம். சோலைவரியைச் செலுத்தாதவரின் வாசலில் மாத்திரம் தெருவிளக்கை அணைத்துவிட முடியாது. அணைந்தால் எல்லோருக்கும் அணையும். இச்சிக்கலுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து நகரங்கள் பல ஒரு வழி கண்டன. மின்சாரம், எரிவாயு, தொலைபேசி ஆகியவற்றின் கட்டணப் பட்டியலிலேயே நகர சபைக்குரிய சிறு வரியையும் சேர்த்து அறவிட்டு, அதனைப் பொலிஸ், தீயணைப்பு, நூலகம், வீதி போன்ற நகர சேவைகளுக்குச் செலவிடுகின்றன.

அதே முறையை இங்கே கொண்டு வரலாமா என்றால் கூடாது என்பதே எமது கருத்து. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் மின்கட்டணம் உயர்த்தப்பட்ட நாடு இது. பின்னர் குறைப்புகள் வந்த போதிலும் அந்த அதிர்ச்சி குடும்பங்களை விட்டு நீங்கவில்லை. மின்பட்டியலில் இன்னொரு வரியை ஏற்றினால் வாடகை வீட்டில் வாழும் ஏழையும் சொந்த மாடிவீட்டுக்காரரும் ஒரே தராசில் நிறுக்கப்படுவர். சொத்தின் பெறுமதிக்கேற்ப அறவிடப்படும் சோலைவரியே அதனிலும் நியாயமானது.

ஆனால் கலிபோர்னியாவிடம் கற்றுக்கொள்ள வேண்டிய விடயம் வேறொன்று உண்டு. 1996 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 218ஆம் இலக்க முன்மொழிவின்படி, அங்கே உள்ளூர் வரியொன்றைப் புதிதாக விதிப்பதற்கோ கூட்டுவதற்கோ வாக்காளர்களின் அங்கீகாரம் பெறப்பட வேண்டும். பல நகரங்கள் இத்தகைய வரிகளுக்குக் கால எல்லையும் விதித்துள்ளன. காலம் முடியும்போது சபை மீண்டும் மக்களிடம் சென்று, இத்தனை காலமும் இப்பணத்தால் இன்னின்ன செய்தோம், தொடர்ந்து தருவீர்களா என்று கேட்க வேண்டும். திருப்தியில்லையெனில் மக்கள் மறுக்கலாம். அத்தேவை இருப்பதால்தான் கணக்கு ஒழுங்காகக் காட்டப்படுகிறது.

எமக்கு அண்மையில் உள்ள தமிழ்நாடு வேறொரு பாடத்தைத் தருகிறது. சென்னை மாநகரின் மையப் பகுதிகளில் 1998க்குப் பின்னர் சொத்து வரி திருத்தப்படவில்லை. அரசியல்வாதிகள் மக்களின் கோபத்துக்கு அஞ்சித் தள்ளிப்போட்டனர். இறுதியில் 2022 ஏப்ரலில் கட்டடப் பரப்பளவுக்கேற்ப 25 முதல் 150 வீதம் வரையிலான உயர்வு ஒரேயடியாக அறிவிக்கப்பட்டது. இருபத்து நான்கு வருடங்கள் படிப்படியாக ஏறியிருக்க வேண்டியது ஒரே நாளில் தலையில் விழுந்தது. மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது மக்களுக்குச் செய்யும் உதவி அல்ல. அது கடனை வட்டியோடு சேர்த்து வைப்பதற்கு ஒப்பானது.

நான்கானாலும் ஒன்றானாலும்

இனி எல்லைத் தகராறுக்கு வருவோம். எமது வரியைக் கல்முனை உண்கிறது என்று சாய்ந்தமருதில் ஒரு குரல் கேட்கிறது. எமது பகுதி புறக்கணிக்கப்படுகிறது என்று மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் அதே முறைப்பாடு. கல்முனை நகரத்து வர்த்தகர்களோ, அதிகமாகச் செலுத்துபவர்கள் நாங்களே, சந்தைக்குள் நடந்து பாருங்கள் என்கின்றனர். ஆச்சரியம் என்னவெனில் இவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உண்மை பேசுவதாக நம்புகின்றனர். யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்க்கக்கூடிய கணக்கு எவர் கையிலும் இல்லை.

கல்முனைக் கடைத்தெருவின் வருமானம் கல்முனையில் வாழ்பவர்களால் மாத்திரம் உண்டானதல்ல. மருதமுனை நெசவாளியும் சாய்ந்தமருது மீனவரும் சேனைக்குடியிருப்பு விவசாயியும் அக்கடைகளில் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியே வர்த்தகர் செலுத்தும் வரியாகச் சபைக்குச் செல்கிறது. ஆகவே கடைத்தெரு இருக்கும் வட்டாரத்துக்கே அதன் வரி முழுவதும் உரியது என்று கூறுவதில் நியாயமில்லை. அதேவேளை, வீட்டுவரி செலுத்திய ஒழுங்கையில் விளக்கு எரியாதிருப்பதிலும் நியாயமில்லை.

தனிச் சபை கேட்பதற்கு எந்த ஊருக்கும் உரிமை உண்டு. அக்கோரிக்கையை நாம் குறை கூறவில்லை. ஆனால் நான்காகப் பிரிந்தால் நான்கு செயலாளர்கள், நான்கு வாகனத் தொகுதிகள், நான்கு களஞ்சியங்கள் வேண்டும். குப்பை கொட்டும் நிலம் மாத்திரம் அப்போதும் நால்வருக்கும் இராது. பெரிய கடைத்தெரு இல்லாத சபை தன் வீட்டு வரியிலேயே வாழ வேண்டியிருக்கும். ஒவ்வொரு வட்டாரத்திலும் எவ்வளவு அறவிடப்படுகிறது, எவ்வளவு செலவாகிறது என்ற புள்ளிவிபரம் வெளியிடப்பட்டால், பிரிவினையை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் உணர்ச்சியை விடுத்து எண்களோடு பேச முடியும். இக்கணக்கு இல்லாமல் வரையப்படும் எந்த எல்லையும் அடுத்த தகராறுக்கே அத்திவாரமாகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, வரிப் பதிவேடு வீடு வீடாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். பிரிந்த வளவுக்குத் தனித்தனி இலக்கமும் உரியவரின் பெயரும் வேண்டும். கிராம உத்தியோகத்தர்களும் பள்ளிவாசல், கோயில் நிருவாகங்களும் ஒத்துழைத்தால் இது இயலாத காரியமல்ல.

இரண்டாவதாக, விலை மதிப்பீட்டுத் திணைக்களத்தின் ஊடாக மதிப்பீடு புதுப்பிக்கப்படும்போது உயர்வு படிப்படியாக அமைய வேண்டும். அஸ்வெசும உதவி பெறும் குடும்பங்களுக்கும் வருமானமற்ற விதவைகளுக்கும் நிவாரணம் வழங்கும் வழி ஆராயப்பட வேண்டும். புதிய வரிக்கு ஐந்து வருடம் போன்றதொரு கால எல்லையைச் சபை தானாகவே அறிவித்து, அதன் முடிவில் மக்கள் முன் கணக்கை வைத்த பின்னரே அடுத்த உயர்வைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்றாவதாக, காலாண்டுக்கு ஒரு முறை வட்டார வாரியாக வரவும் செலவும் ஒரு தாளில் எழுதப்பட்டுப் பள்ளிவாசல், கோயில், நூலகம், சந்தை ஆகிய இடங்களில் ஒட்டப்பட வேண்டும். வீட்டு வரியில் ஒரு குறிப்பிட்ட பங்கு அந்த வட்டாரத்துக்கே, எஞ்சியது குப்பை அகற்றல், தீயணைப்பு போன்ற பொதுச் சேவைகளுக்கு என்ற கொள்கையைச் சபை தீர்மானமாக நிறைவேற்றலாம்.

நான்காவதாக, வரிப்பணம் கைக்குக் கை மாறுவது நிறுத்தப்பட்டு, வங்கி ஊடாகவும் கைத்தொலைபேசி ஊடாகவும் செலுத்தும் முறை முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். செலுத்திய கணமே செலுத்தியவருக்கு உறுதிப்படுத்தல் கிடைக்குமானால் கையாடலுக்கு இடமிராது.

இவற்றைச் சபை தானாகச் செய்யும் வரை மக்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. எந்தவொரு பிரசையும் தனது வட்டாரத்தின் வரி வருமானத்தையும் செலவையும் எழுத்து மூலம் கேட்கலாம். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளும் வாசிப்பதற்காகவே வெளியிடப்படுகின்றன. எமது இளைஞர் கழகங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் கோயில் பரிபாலன சபைகளும் வருடத்துக்கு ஒரு முறையேனும் அவற்றை எடுத்து வைத்துப் பேசியதுண்டா?

எமக்கு வாக்களிக்கச் சந்தர்ப்பம் தராத சபைக்கு நாம் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத காலத்தில் அதிகாரிகள் வரி வீதத்தை உயர்த்த முற்படுவது ஏற்புடையதல்ல என்பதில் நாமும் உடன்படுகிறோம். ஆனால் இருக்கின்ற வரியை நிறுத்திவைப்பதனால் தேர்தலைத் தள்ளிப்போட்டவர்களுக்கு எந்தத் துன்பமும் நேரப்போவதில்லை. அதிகாலையில் கையுறையின்றிக் குப்பை அள்ளும் தற்காலிகத் தொழிலாளியின் நாட்கூலியே முதலில் வெட்டப்படும். அடுத்ததாக எமது ஒழுங்கையின் விளக்கு அணையும். வரியைச் செலுத்திவிட்டுப் பற்றுச்சீட்டோடு கணக்குக் கேட்பவரின் குரலுக்கு இருக்கும் வலிமை, செலுத்தாமல் குறை கூறுபவரின் குரலுக்கு இருப்பதில்லை.

கல்முனை ஒன்றாக இருக்கலாம்; நான்காகவும் ஆகலாம். அதனை நீதிமன்றமும் பாராளுமன்றமும் மக்களின் தீர்ப்பும் தீர்மானிக்கட்டும். எவ்வாறு தீர்மானிக்கப்பட்டாலும் மறுநாள் காலையில் குப்பை வண்டி புறப்பட வேண்டும், வடிகான் துப்புரவாக வேண்டும், விளக்கு எரிய வேண்டும். அதற்கான கணக்குப் புத்தகத்தை இன்றே திறந்து மக்கள் முன் வைப்பது, பிரிந்து செல்ல விரும்புவோருக்கும் சேர்ந்து வாழ விரும்புவோருக்கும் ஒருங்கே நன்மை பயக்கும் காரியமாகும்.